அயர்லாந்தின் மழைக்கோடையைக் கடப்பது எப்படி? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

அயர்லாந்தின் மேற்குக் கரையில் உள்ள கால்வேயில் குடியிருக்கும் என்னிடம் ஒவ்வொரு ஜூலையிலும் புதிதாக வந்த தமிழர்கள் கேட்கும் கேள்விகள் ஏறக்குறைய ஒன்றுதான். செவிலியர் வேலைக்கு வந்தவர்கள், ஐ.டி. வேலைக்கு வந்தவர்கள், படிக்க வந்த பிள்ளைகள், பேரக்குழந்தையைப் பார்த்துக்கொள்ள வந்த அம்மாக்கள் என்று பலரும் கேட்கிறார்கள். நாள்கணக்கில் மப்பும் மந்தாரமுமாகக் கிடக்கும் வானத்தைப் பார்த்து மனம் சோர்ந்து போனவர்கள். அவர்களுக்காக இந்தப் பதில்கள்.

ஜூலையிலும் ஜாக்கெட் போட்டுக்கொண்டு திரிகிறோம். இங்கே கோடை எப்போதுதான் தொடங்கும்?

அயர்லாந்தின் வானிலைத் துறையான மெட் ஏரன் ஜூன், ஜூலை, ஆகஸ்ட் மூன்றையும் கோடையாகக் கணக்கிடுகிறது. ஐரிஷ் மரபில் கணக்கு வேறு. மே முதல் நாள் கோடை பிறக்கிறது, ஆகஸ்ட் முதல் நாள் இலையுதிர்காலம் வந்துவிடுகிறது. இங்குள்ள பள்ளிப் பிள்ளைகள் இன்றும் மே, ஜூன், ஜூலைதான் கோடை என்று படிக்கிறார்கள்.

எனக்கு இந்தப் பழைய கணக்கே சரியென்று படுகிறது. ஆண்டிலேயே அதிக வெயில் அடிப்பது மே, ஜூன் மாதங்களில்தான். அப்போது சராசரியாக நாளொன்றுக்கு 5 முதல் 6.5 மணி நேரம் வெயில் கிடைக்கும். ஆகஸ்டில் பொழுதும் சுருங்கும், மழையும் கூடும். விடுமுறைக்கு ஆகஸ்டுக்காகக் காத்திருந்தால் ஏமாற்றம்தான் மிஞ்சும். மே மாதத்தில் வெயில் அடிக்கும் நாளிலேயே வெளியே கிளம்பிவிடுங்கள்.

எவ்வளவு சூடு எதிர்பார்க்கலாம்?

ஜூலைப் பகலில் 18 முதல் 20 டிகிரி. அதுதான் சராசரி. இந்த நாட்டில் இதுவரை பதிவான உச்ச வெப்பம் 33.3 டிகிரி. அதுவும் 1887 ஜூன் 26 அன்று கில்கென்னி கோட்டையில் அளந்தது. 2022 ஜூலை 18-இல் டப்ளின் ஃபீனிக்ஸ் பூங்காவில் 33.0 வரை போனது. தொடர்ந்து ஐந்து நாள் 25 டிகிரியைத் தாண்டினாலே இங்கே அதிகாரபூர்வமாக வெப்ப அலை. மதுரையிலிருந்து வந்தவருக்கு நம்புவது கடினம். ஆனால் இங்குள்ள வீடுகள் சூட்டை உள்ளே பிடித்து வைக்கவே கட்டப்பட்டவை. மின்விசிறி உள்ள வீடே அரிது. அப்படிப்பட்ட வீட்டுக்குள் 28 டிகிரி எப்படி இருக்கும் என்பது அனுபவித்தால்தான் தெரியும்.

ஏன் இப்படி விடாமல் பெய்கிறது?

அட்லாண்டிக்கின் ஓரத்தில், தென்மேற்குக் காற்றின் நேர் வழியில் இந்தத் தீவு இருக்கிறது. கடலைக் கடந்து வரும் காற்று முதலில் மோதுவது கெரி, கால்வே, மேயோ, டொனெகால் மலைகளில். மோதியதும் மேலேறிக் குளிர்ந்து மழையாகக் கொட்டுகிறது. அதனால்தான் மேற்குக் கரை நனைந்துகொண்டே இருக்கும்போது, மலைகளைத் தாண்டி இருக்கும் டப்ளின் ஓரளவு தப்பிக்கிறது.

ஒரு கோடை நல்ல கோடையா கெட்ட கோடையா என்பதைப் பெரும்பாலும் தீர்மானிப்பது ஜெட் ஸ்ட்ரீம். வானத்தின் உயரத்தில் மேற்கிலிருந்து கிழக்கே பாயும் வேகமான காற்றோட்டம் அது. அது அயர்லாந்துக்கு வடக்கே விலகி நின்றால், அசோர்ஸ் தீவுகள் பக்கமிருந்து உயர் அழுத்தம் பரவி வந்து வானம் தெளியும். அதே காற்றோட்டம் இந்தத் தீவின் தலைமேலோ தெற்கிலோ வந்து படிந்துவிட்டால், தாழ்வழுத்தங்கள் ஒன்றன்பின் ஒன்றாக வரிசைகட்டி வரும். ஒன்று போய் முடிவதற்குள் அடுத்தது கடலில் உருவாகியிருக்கும். வாரக்கணக்கில் இடம் மாறாமல் அது அங்கேயே கிடப்பதும் உண்டு.

2023 ஜூலையில் நடந்தது அதுதான். இத்தாலியும் கிரீஸும் ஸ்பெயினும் கொதித்துக்கொண்டிருந்த அதே வாரங்களில் அயர்லாந்து தன் வரலாற்றிலேயே மிக அதிக மழை பெய்த ஜூலையைக் கண்டது. வழக்கமான ஜூலையைப் போல இருமடங்குக்கும் மேல் பெய்தது. அதற்கு முந்தைய மாதம், 2023 ஜூன், இந்த நாட்டில் பதிவானவற்றிலேயே மிக வெப்பமான ஜூன். முப்பது நாள் இடைவெளியில் இப்படித் தலைகீழாக மாறியது. ஜூன் முழுக்கக் கடற்கரையில் கிடந்த பிள்ளைகள், பள்ளி விடுமுறை விட்டதும் ஜன்னலோரம் உட்கார வேண்டியதாயிற்று. அந்த மாதம் வந்து இறங்கியவர்கள் எவ்வளவு மனம் நொந்திருப்பார்கள் என்று இப்போதும் நினைப்பேன்.

சென்னையைவிட இங்கே மழை அதிகமா?

டப்ளினைப் பொறுத்தவரை இல்லை. டப்ளின் விமான நிலையத்தில் ஆண்டுக்குச் சுமார் 750 மி.மீ. மழை. சென்னையில் சுமார் 1,400 மி.மீ. கெரி மாவட்டத்து வலென்ஷியா போன்ற மேற்குப் பகுதிகளை எடுத்தால் மட்டுமே 1,500-ஐத் தாண்டும்.

வேறுபாடு பெய்யும் விதத்தில் இருக்கிறது. சென்னைக்கு வரும் மழையில் பெரும்பகுதி வடகிழக்குப் பருவத்தில் சில வாரங்களில் கொட்டித் தீர்த்துவிடும். இங்கே அதை ஆண்டு முழுக்கத் தூறலாகப் பங்கு போட்டுத் தருகிறார்கள். ஒரு மில்லிமீட்டருக்கு மேல் பெய்யும் நாட்கள் கிழக்குக் கரையில் ஆண்டுக்குச் சுமார் 150, மேற்கில் சில இடங்களில் 225. பாதிக்கும் மேற்பட்ட நேரம் வானம் முழுவதும் மேகம் மூடியே இருக்கிறது. நம்மை வாட்டுவது இந்த வெளிச்சக் குறைவுதான் என்று நினைக்கிறேன். மழை நமக்குப் பழகியதுதான். மழைக்குப் பிறகு வெயில் வராமல் இருப்பது பழகாதது.

பெருமழை அபாயம் உண்டா?

உண்டு. 1986 ஆகஸ்ட் 25, 26-இல் சார்லி சூறாவளியின் மிச்சம் வந்தபோது விக்லோவின் கிப்பூர் மலையில் சுமார் 280 மி.மீ. பெய்ததாக மதிப்பிட்டார்கள். டார்கிள் ஆறு பொங்கி பிரே நகருக்குள் புகுந்தது. 2017 ஆகஸ்ட் 22 அன்று டொனெகாலின் இனிஷோவன் தீபகற்பத்தில் சில மணி நேரத்திலேயே 70 மி.மீ.-ஐத் தாண்டிக் கொட்டியதில் பாலங்கள் இடிந்தன. மெட் ஏரன் மஞ்சள், ஆரஞ்சு, சிவப்பு என்று எச்சரிக்கை தரும். ஆரஞ்சு வந்தாலே பயணத்தைத் தள்ளிப்போடுங்கள்.

வானிலை அறிக்கையை நம்பலாமா?

இரண்டு மூன்று நாளுக்கு நம்பலாம். ஒரு குறிப்பிட்ட பிற்பகலுக்கு என்றால் மெட் ஏரன் தளத்தில் உள்ள மழை ரேடாரைப் பாருங்கள். மேகம் எங்கிருந்து எங்கே நகர்கிறது என்று கண்ணால் தெரியும். இரண்டு மழைகளுக்கு நடுவே நாற்பது நிமிட இடைவெளி இருக்கிறதா என்று கணிக்கச் சில வாரங்களில் பழகிவிடுவீர்கள். இங்கே வாழ்வதற்கு அதைவிடப் பயனுள்ள பழக்கம் வேறில்லை.

இந்த நாட்டு வானிலை அவதானிப்புக்கு ஒரு பெருமையும் உண்டு. 1944 ஜூன் 3 அன்று மேயோவின் பிளாக்சாட் முனையில், மோரின் ஃபிளாவின் என்ற இளம்பெண் பாரமானியின் அழுத்தம் வேகமாக இறங்குவதைப் பதிவு செய்தார். இரண்டாம் உலகப் போரில் அயர்லாந்து நடுநிலை நாடு. ஆனாலும் வானிலைத் தகவலைப் பிரிட்டனுடன் பகிர்ந்துகொண்டது. சரிபார்த்துச் சொல்லும்படி இங்கிலாந்திலிருந்து தொலைபேசி வந்தது. அவர் மறுபடியும் அதே அளவைச் சொன்னார். நார்மண்டிப் படையெடுப்பு ஜூன் 5-இலிருந்து 6-க்குத் தள்ளிப்போனதற்கு அந்த அளவீடு முக்கியக் காரணங்களில் ஒன்று. திருமணத்துக்குப் பின் மோரின் ஸ்வீனியாக வாழ்ந்து, 2023 டிசம்பரில், 100 வயதில் மறைந்தார். ஒரு மோசமான ஐரிஷ் ஜூன் வரலாற்றில் இடம்பெற்ற கதை இது.

துணி காயவே மாட்டேன் என்கிறது. வீட்டில் பூஞ்சணம் வேறு. என்ன செய்வது?

அதிகம் பேர் கேட்பது இதைத்தான். விரிவாகவே சொல்கிறேன்.

வெளியே கொடி இருந்தால், வெயிலை எதிர்பார்க்காதீர்கள், காற்றை எதிர்பாருங்கள். மேகம் மூடிய நாளிலும் நல்ல காற்று வீசினால் மூன்று மணி நேரத்தில் துணி காய்ந்துவிடும். இங்குள்ள பெண்கள் காலையில் வானத்தைப் பார்த்துவிட்டு முதலில் சொல்வதே இன்று துணி காயுமா காயாதா என்பதைத்தான். ரேடாரில் மழை நெருங்கினால் எடுத்து உள்ளே போடுங்கள்.

வீட்டுக்குள் காயப்போடுவதாக இருந்தால் ஒரு சிறிய அறையைத் தேர்ந்தெடுத்து, கதவையும் ஜன்னலையும் மூடி, காற்றிலுள்ள ஈரத்தை இழுத்துக்கொள்ளும் டீஹியூமிடிஃபையர் வையுங்கள். ஒரு இரவில் அதன் தொட்டியில் சேரும் தண்ணீரைப் பார்த்தால், அது அத்தனையும் சுவரில் இறங்கியிருக்கும் என்பது புரியும். துணி உலர்த்தும் இயந்திரமான டம்பிள் டிரையரைவிட மின்செலவு குறைவு. ரேடியேட்டர் மேல் ஈரத்துணி போடுவதை விட்டுவிடுங்கள். அந்த ஈரம் அறையின் குளிர்ந்த மூலைகளில் போய்ப் படிந்து கரும்புள்ளிகளாக வரும்.

நம் சமையல் ஈரமான சமையல். குக்கர், இட்லிப் பானை, கொதிக்கும் ரசம், எல்லாமே ஆவி. அடுப்புக்கு மேலுள்ள விசிறியைப் போடுங்கள், சமையலறைக் கதவைச் சாத்துங்கள், முடிந்ததும் பத்து நிமிடம் ஜன்னலைத் திறந்து விடுங்கள். குளிரடிக்கும் என்று ஜன்னலைத் திறக்காமலேயே இருக்கும் வீடுகளில்தான் பூஞ்சணம் அதிகம். அலமாரியைச் சுவரோடு ஒட்டி வைக்காமல் ஒரு கை நுழையும் இடைவெளி விடுங்கள். பட்டுப்புடவைகளை வெளிச்சுவரை ஒட்டிய அலமாரியில் வைக்கவே வைக்காதீர்கள். சுவரே கசிந்தால் அது உங்கள் வேலை இல்லை, வீட்டு உரிமையாளருக்குப் படத்தோடு எழுத்தில் தெரிவியுங்கள்.

கோடையில் ஹீட்டிங் போடலாமா?

குளிர்ந்தால் போடுங்கள். மாலையில் ஒரு மணி நேரம் போட்டாலே வீட்டின் ஈரமும் குறையும்.

தோசை மாவு புளிக்கவில்லையே?

17 டிகிரி சமையலறையில் புளிக்காது. இங்குள்ள வீடுகளில் வெந்நீர்த் தொட்டி இருக்கும் சிறு அலமாரியை ஹாட் பிரஸ் என்பார்கள். அதற்குள் பாத்திரத்தை வையுங்கள். அது இல்லாத புது வீடென்றால், ஓவனில் விளக்கை மட்டும் எரியவிட்டு உள்ளே வைத்தால் காலையில் பொங்கியிருக்கும். வடகம், வற்றல் போடும் ஆசையை மட்டும் இங்கே விட்டுவிட வேண்டும், ஊரிலிருந்தே கொண்டு வாருங்கள்.

வானம் இருண்டே கிடப்பதால் மனசு பாரமாக இருக்கிறது. இது எனக்கு மட்டுமா?

உங்களுக்கு மட்டும் இல்லை. இங்கே பிறந்து வளர்ந்தவர்களே ஜூலை நடுவில் தளர்ந்துபோவதைப் பார்க்கிறேன். குளிர்காலம் முழுக்க ஒரு நல்ல கோடைக்காகப் பொறுத்திருந்துவிட்டு அது வராமல் போனால் யாருக்கும் வலிக்கும்.

நான் எல்லோரிடமும் சொல்வது ஒன்றே. வெயிலுக்காகக் காத்திருக்காதீர்கள், பொழுதைப் பயன்படுத்துங்கள். ஜூன் பிற்பகுதியில் டப்ளினில் ஐந்து மணிக்கெல்லாம் சூரியன் உதித்து, இரவு பத்து மணியை ஒட்டித்தான் மறைகிறது. கால்வேயில் பத்தைத் தாண்டியும் மறையாது. பதினேழு மணி நேரப் பகல். அதில் மழை விட்ட ஒரு மணி நேரம் எப்போதும் இருக்கும், பெரும்பாலும் சாயங்காலத்தில். வேலை முடிந்து, சாப்பிட்டு, எட்டு மணிக்கு நடக்கக் கிளம்பினாலும் வெளிச்சம் மீதி இருக்கும். நாம் ஆறு மணிக்கு விளக்கேற்றிப் பழகியவர்கள் என்பதால் எட்டு மணியானால் நாள் முடிந்தது என்று திரைச்சீலையை இழுத்துவிடுகிறோம். அந்தப் பழக்கத்தை ஜூனிலும் ஜூலையிலும் மாற்றிக்கொண்டால் இந்தக் கோடை வேறாகத் தெரியும். இரவுப் பணி பார்க்கும் செவிலியர்கள் தூங்கி எழுந்தபின்னும் ஐந்தாறு மணி நேர வெளிச்சம் அவர்களுக்காக இருக்கிறது.

இரண்டு வாரத்துக்கு மேல் தூக்கம் கெட்டு, எதிலும் பிடிப்பில்லாமல், அழுகை வந்துகொண்டே இருந்தால் வானத்தின்மேல் பழி போட்டுவிட்டுச் சும்மா இருக்காதீர்கள். உங்கள் குடும்ப மருத்துவரான ஜி.பி.-யிடம் சொல்லுங்கள்.

வைட்டமின் டி எடுத்துக்கொள்ள வேண்டுமா?

நம் நிறத்தவர்களுக்கு இது முக்கியமான கேள்வி. தோலில் கருமை கூடக்கூட, வைட்டமின் டி உருவாக அதிக வெயில் தேவை. குளிர்கால மாதங்களில் எல்லோரும், கருமையான தோல் உள்ளவர்கள் ஆண்டு முழுக்கவும் வைட்டமின் டி எடுத்துக்கொள்ள வேண்டும் என்பது இங்குள்ள அதிகாரபூர்வப் பரிந்துரை. பெரியவர்களுக்கு நாளொன்றுக்கு 15 மைக்ரோகிராம். மருந்துக் கடையில் எளிதாகக் கிடைக்கும். கர்ப்பிணிகளும் வேறு மருந்து சாப்பிடுபவர்களும் மருந்தாளரைக் கேட்டுவிட்டுத் தொடங்குங்கள்.

குழந்தைகள் வீட்டிலேயே அடைந்து கிடக்கிறார்கள். எங்கே கூட்டிப் போகலாம்?

முதலில் வெளியே. மழையில் நனைந்தால் சளி பிடிக்கும் என்ற பயம் நமக்கு ஊறிப்போனது. சளி வைரஸால் வருகிறது. முழு உடலை மூடும் மழை உடுப்பும் ரப்பர் பூட்சும் வாங்கிக் கொடுத்து, இங்குள்ள பெற்றோரைப் போல வெளியே விடுங்கள். திரும்பி வந்ததும் ஈரச் சாக்ஸை மாற்றினால் போதும்.

கொட்டும் நாளில் நூலகம். பொது நூலகங்களில் சேரக் கட்டணம் கிடையாது, 2019 முதல் தாமத அபராதமும் கிடையாது. கோடையில் பிள்ளைகளுக்காக சம்மர் ஸ்டார்ஸ் என்ற வாசிப்புத் திட்டம் நடக்கும், கட்டாயம் சேருங்கள். டப்ளினில் தேசிய அருங்காட்சியகம், தேசிய ஓவியக் கூடம், செஸ்டர் பீட்டி மூன்றுக்கும் அனுமதி இலவசம். மேயோவில் இருப்பவர்கள் காசல்பாருக்கு அருகே டர்லோ பார்க்கில் உள்ள கிராம வாழ்க்கை அருங்காட்சியகத்துக்குப் போய் வாருங்கள், அதுவும் இலவசம். மழை பெய்த மறுநாள் என்றால் அருவி பார்க்கப் போகலாம். விக்லோவில் பவர்ஸ்கோர்ட் அருவி 121 மீட்டர் உயரம், கில்லார்னியில் டார்க் அருவி. காய்ந்த கோடையில் நூலாக விழும் அருவிகள் ஈரக் கோடையில்தான் முழு உருவத்தைக் காட்டும்.

கடலுக்கும் மலைக்கும் போகலாமா?

கடலுக்குப் போகலாம். தண்ணீர் 14 முதல் 16 டிகிரிதான் இருக்கும். மழை பெய்தாலும் அது மாறாது, அதனால் இங்குள்ளவர்கள் மழையிலும் குளிக்கிறார்கள். கால்வே சால்ட்ஹில்லில் பிளாக்ராக் கோபுரத்திலிருந்து கொட்டும் மழையில் குதிப்பவர்களை எந்த நாளும் பார்க்கலாம். பெருமழைக்குப் பிறகு மட்டும் ஓரிரு நாள் தள்ளிப் போங்கள். கழிவுநீர் கலந்து, குளிக்கத் தடை அறிவிப்பு வைப்பது வழக்கம்.

மலை வேறு விஷயம். மேகம் இறங்கினால் பாதை கண்ணுக்குத் தெரியாது. ஜூலை கடைசி ஞாயிறில் ஆயிரக்கணக்கானோர் ஏறும் குரோ பேட்ரிக் மலை யாத்திரையையே 2015-இல் வானிலையால் ரத்து செய்தார்கள். சிக்கிக்கொண்டால் 112 அல்லது 999-ஐ அழைத்து மலை மீட்புக் குழுவைக் கேளுங்கள். மேற்கில் எங்கே போனாலும் குடை வேண்டாம், காற்று மடக்கிவிடும். தலைமூடியுள்ள ஜாக்கெட்தான் சரி. காற்றில்லாத ஈர மாலைகளில் மிட்ஜ் என்ற கொசு போன்ற பொடிப் பூச்சி கடிக்கும், முழுக்கைச் சட்டை போட்டுக்கொள்ளுங்கள்.

மழையால் உண்மையில் பாதிக்கப்படுவது யார்?

விவசாயிகள். நமக்கு ஒரு சுற்றுலா கெடும், அவர்களுக்கு ஒரு ஆண்டு கெடும்.

இந்த நாட்டின் பாலும் வெண்ணெயும் புல்லிலிருந்து வருகின்றன. குளிர்காலத் தீவனத்தைக் கோடையிலேயே அறுத்துச் சேர்த்தாக வேண்டும். உலர்புல் செய்யத் தொடர்ந்து சில நாள் காய்ச்சல் வெயில் வேண்டும். அது கிடைக்காததால்தான் கடந்த அரை நூற்றாண்டில் பெரும்பாலோர் சைலேஜுக்கு மாறினார்கள். பச்சைப் புல்லைக் காற்றுப் புகாமல் மூடிப் புளிக்க வைப்பது அது. வயல்களில் கிடக்கும் கறுப்பு பிளாஸ்டிக் உருளைகள் அவைதான். அதற்கும் டிராக்டர் புதையாத அளவுக்கு நிலம் இறுகியிருக்க வேண்டும். 2012 கோடை முழுக்க நனைந்து போனதன் விளைவு 2013 வசந்தத்தில் தெரிந்தது. தீவனம் தீர்ந்து, பிரிட்டனிலிருந்தும் பிரான்ஸிலிருந்தும் கப்பலில் வரவழைத்தார்கள்.

உருளைக்கிழங்கின் கதை இன்னும் ஆழமானது. மிதமான வெப்பமும் ஓயாத ஈரமும் சேர்ந்தால் இலைகருகல் நோய் பரவும். 1845-இல் வந்து, பத்து லட்சம் பேரைப் பலிகொண்ட பெரும்பஞ்சத்துக்கு வழிவகுத்தது அந்த நோய். இருபதாம் நூற்றாண்டின் நடுவில் ஆஸ்டின் போர்க் என்ற ஐரிஷ் வானிலையாளர் அதற்கு ஒரு கணக்கு வகுத்தார். 10 டிகிரிக்குக் குறையாத வெப்பமும் 90 விழுக்காட்டுக்குக் குறையாத ஈரப்பதமும் 12 மணி நேரம் நீடித்து, அதன்பின்னும் இலை நனைந்தே இருந்தால் நோய் தொற்றும். அந்த அடிப்படையில் மெட் ஏரன் இன்றும் கோடைதோறும் எச்சரிக்கை தருகிறது. வானொலியில் அதைக் கேட்கும்போதெல்லாம் எனக்குக் கொஞ்சம் சிலிர்க்கும்.

நல்ல வெயிலுக்கு இங்குள்ளவர்களுக்கு ஏதும் நம்பிக்கை உண்டா?

உண்டு. கல்யாணத்துக்கு முந்தின இரவு பிராக் குழந்தை இயேசு சிலையைத் தோட்டத்தில் வைத்தால் மறுநாள் வானம் தெளியும் என்பார்கள். அரிசி தின்றால் கல்யாணத்தன்று மழை வரும் என்று நம் பாட்டிகள் சொன்னதைப் போல. லீவிங் சர்ட் என்ற பள்ளி இறுதித் தேர்வு ஜூனில் தொடங்கும் அன்று கட்டாயம் வெயில் அடிக்கும் என்பது இன்னொன்று.

அப்பா அம்மாவை எந்த மாதத்தில் அழைக்கலாம்?

மே நடுவிலிருந்து ஜூன் கடைசி வரை. தெர்மல் உள்ளாடை, கம்பளிச் சாக்ஸ், அடியில் பிடிமானமுள்ள காலணி கட்டாயம். மழையில் இங்குள்ள நடைபாதைகள் வழுக்கும். டப்ளினிலோ தென்கிழக்கில் வெக்ஸ்ஃபோர்டிலோ இருந்தால் வெயில் சற்றுக் கூடவே கிடைக்கும்.

அடுத்த கோடையாவது நன்றாக இருக்குமா?

யாராலும் சொல்ல முடியாது. 2018-இல் வறண்டுபோய், தோட்டத்துக்குக் குழாய் வைத்துத் தண்ணீர் விடவே தடை போட்டார்கள். 2024 கோடை 2015-க்குப் பிறகு மிகக் குளிர்ந்த கோடை. அடுத்து வந்த 2025 கோடை இந்த நாட்டில் பதிவானவற்றிலேயே மிக வெப்பமானது. நீண்ட காலப் போக்கு மட்டும் தெளிவாக இருக்கிறது. 1961–1990 சராசரியோடு ஒப்பிட்டால் 1991–2020 காலத்தில் ஆண்டு மழை சுமார் 7 விழுக்காடு கூடியிருக்கிறது. சூடேறும் காற்று அதிக ஈரத்தைத் தாங்கும், பெய்யும்போது கனமாகப் பெய்யும். ஆகவே டீஹியூமிடிஃபையரை நல்லதாகவே வாங்குங்கள், மே மாத விடுப்புக்கு இப்போதே எழுதிக் கொடுங்கள்.